குடிசன் பார்க் மூடப்படும் முன்: ஒரு பழைய மைதானத்தைப் பார்க்க நான் கொடுத்த விலை

இங்கிலாந்துக்கு நான் குடிவந்தது 2003ஆம் ஆண்டில். முதல் சில ஆண்டுகள் வடக்கு லண்டனில், ஆர்சனல் கிளப்பின் ஹைபரி மைதானத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் ஒரு சிறிய அறையில் குடியிருந்தேன். ஆட்ட நாளில் சன்னலைத் திறந்தால் கூட்டத்தின் இரைச்சல் காற்றோடு வந்து போகும். ஒரு நாள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். வேலை, களைப்பு, பணத்தட்டுப்பாடு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். 2006 மே 7 அன்று அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. ஆர்சனல் வீரர் தியரி ஆன்றி மூன்று கோல் அடித்து, மண்டியிட்டுப் புல்லை முத்தமிட்டதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். 1913 முதல் ஆடப்பட்ட அந்தத் தரை இன்று ஓர் அடுக்ககத்தின் நடுவே தோட்டமாக இருக்கிறது. கிழக்கு கேலரியின் முகப்பு, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்ததால் தப்பியது. பல ஆண்டுகள் கழித்து அந்த முகப்பின் முன்னால் நின்றபோது, கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ ஒருவருடைய வீட்டுச் சமையலறை இருக்கிறது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. 2016இல் வெஸ்ட் ஹாம் அப்டன் பார்க்கை விட்டுப் போனது. 2017இல் டாட்டன்ஹாமின் ஒயிட் ஹார்ட் லேன் இடிக்கப்பட்டது. அந்த இரண்டையும் இதே போலத் தள்ளிப்போட்டுத் தவறவிட்டேன்.

எனவே, எவர்ட்டன் கிளப் தன் குடிசன் பார்க்கை விட்டு 2025இல் புதிய ஸ்டேடியத்துக்குப் போகிறது என்பது உறுதியானதும், இந்த முறை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். லிவர்பூல் நகரில் 1892இல் திறக்கப்பட்ட மைதானம் அது. இங்கிலாந்தில் கால்பந்துக்காகவே கட்டப்பட்ட பெரிய மைதானங்களில் முதன்மையானது என்று அதைச் சொல்வார்கள். டிக்சி டீன் 1927–28 பருவத்தில் லீக் ஆட்டங்களில் மட்டும் 60 கோல் அடித்தது எவர்ட்டனுக்காகத்தான். 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் மூன்று கோல் பின்தங்கியிருந்த போர்ச்சுகலை யூசேபியோ நான்கு கோல் அடித்து மீட்டதும் இதே புல்தரையில்தான். மைதானத்தின் ஒரு மூலையில், இரண்டு கேலரிகளுக்கு இடையில், செயிண்ட் லூக் தேவாலயம் கிட்டத்தட்ட உள்ளேயே நுழைந்துவிட்டது போல நிற்கும். இத்தனையும் படித்து வைத்திருந்த எனக்கு, அங்கே போக டிக்கெட் வாங்குவது எப்படி என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை. இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான். நான் தனியாகப் போனேன், கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை, முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஏறத்தாழ 500 பவுண்டும் பல நாள் மனவேதனையும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

முதல் முயற்சி 2024 செப்டம்பர் 28, கிரிஸ்டல் பேலஸுடன் நடந்த ஆட்டம். கிளப்பின் இணையதளத்தில் பார்த்தபோது டிக்கெட் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று காட்டியது. உறுப்பினராவது ஏதோ நீண்ட நடைமுறை என்று நானாகவே எண்ணிக்கொண்டு, இணையத்தில் தேடியதும் முதலில் வந்த ஒரு மறுவிற்பனைத் தளத்துக்குள் போனேன். பச்சை நிறத்தில் உத்தரவாதம் என்று எழுதியிருந்தது. டிக்கெட் 165 பவுண்டு, சேவைக் கட்டணம் 28 பவுண்டு. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தினால் விரைவாக உறுதியாகும் என்று கேட்டார்கள், அப்படியே செலுத்தினேன். ஆட்டத்துக்கு முந்தைய நாள் இரவு, யாரோ ஒருவருடைய சீசன் டிக்கெட்டின் அனுமதிச்சீட்டை என் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளும் இணைப்பு வந்தது. அதில் இருந்த பெயர் என்னுடையது அல்ல. அந்த நொடியிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இரயிலுக்கு 71 பவுண்டும் தங்கும் அறைக்கு 64 பவுண்டும் ஏற்கெனவே கட்டியிருந்தேன். பணம் போட்டுவிட்ட மனம் சந்தேகத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

கிர்க்டேல் நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு நடந்து, செங்கல் வீடுகளின் வரிசை முடியும் இடத்தில் திடீரென்று நீல நிற கேலரி எழுந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பெரிய வாகன நிறுத்தமோ வளாகமோ இல்லாமல், தெருவின் அடுத்த வீடு போல மைதானம் நின்றது. தேவாலயக் கூடத்தில் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு நுழைவாயிலுக்குப் போனேன். ஆள் ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். அவ்வளவு குறுகலான சுழல்கதவு. கைப்பேசியைக் கருவியில் வைத்தேன். சிவப்பு விளக்கு. மீண்டும் வைத்தேன். மீண்டும் சிவப்பு. பின்னால் நின்றவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் முகம் எரிந்தது. பணியாளர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போய், அந்த அனுமதிச்சீட்டு முடக்கப்பட்டுவிட்டது என்றும், இந்தப் பருவத்தில் இப்படி வந்து நிற்பவர்கள் பலர் என்றும் மென்மையாகச் சொன்னார். வெளியூரிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். அதுவும் அவருக்குப் புதிதல்ல என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அறைக்குத் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. தெருவிலேயே, மதிலில் சாய்ந்தபடி நின்றேன். பத்தாவது நிமிடத்தில், தொலைவில் ஒரு மூலையிலிருந்து மட்டும் சிறிய ஆரவாரம் எழுந்தது. அதைச் சுற்றி முழு அமைதி. வெளியூர் அணி கோல் போட்டுவிட்டது என்பது மதிலுக்கு வெளியே நின்ற எனக்கே விளங்கியது. இடைவேளை முடிந்த சற்று நேரத்தில் முதுகில் மதில் அதிர்ந்தது. பெரிய அலை ஒன்று கட்டடத்தின் உள்ளே உருண்டு வந்து மோதியது போல இருந்தது. ஏழு நிமிடம் கழித்து இன்னொன்று. டுவைட் மெக்நீல் இரண்டு கோல் அடித்து எவர்ட்டன் 2–1 என்று வென்றதைப் பிறகுதான் படித்தேன். அந்த இரண்டாவது அதிர்வில் என் கண் கலங்கிவிட்டது. மகிழ்ச்சியா துக்கமா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றும் தெரியவில்லை.

இங்கே நிறுத்தி, டிக்கெட் வாங்கப் போகிறவர்கள் அறிய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து ஆட்ட டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி குற்றம். இசை நிகழ்ச்சி, நாடகம் போன்றவற்றுக்கு மறுவிற்பனைத் தளங்கள் வழக்கமாக இருப்பதால் இதற்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். கால்பந்துக்கு மட்டும் விதி வேறு. கிளப் கண்டுபிடித்தால் அந்தச் சீட்டை முடக்கிவிடும், உங்களுக்கு வாசலில்தான் அது தெரியவரும். நேர்வழி நான் பயந்த அளவுக்குக் கடினமானது அல்ல. பெரும்பாலான கிளப்புகளில் ஆண்டுச் சந்தா கட்டினால் உறுப்பினராகலாம், அது சில நிமிட வேலை. தொடக்க விற்பனையில் இடம் கிடைக்காவிட்டாலும், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் தாங்கள் வர முடியாத ஆட்டத்தின் இருக்கையைக் கிளப் வழியாகவே திருப்பித் தருவார்கள். ஆட்டம் நெருங்க நெருங்க அந்த ஒற்றை இருக்கைகள் வந்துகொண்டே இருக்கும். தனியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. இரண்டாவது, பணம் செலுத்தும் முறை. நான் வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பியதால் ஒரு பென்னி கூடத் திரும்பவில்லை. பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி விற்றவருக்கு இருக்கும் அதே பொறுப்பு கார்டு நிறுவனத்துக்கும் உண்டு. இடைத்தரகுத் தளங்கள் வழியாக வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு சிக்கலாகலாம் என்றாலும், முறையிட ஒரு வாசலாவது திறந்திருக்கும். மூன்றாவது, சீட்டில் உங்கள் பெயர் இல்லையென்றால் பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள். போன பணம் போகட்டும், அதன் பின்னால் இன்னும் பணத்தை அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது முயற்சியில் டிக்கெட்டை முறையாக வாங்கினேன், ஆனால் நாளைக் கோட்டைவிட்டேன். ஜனவரியில் சனிக்கிழமை என்று பட்டியலில் இருந்த ஓர் ஆட்டத்துக்கு இரயிலும் அறையும் மலிவாகக் கிடைக்கிறதே என்று மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தேன். நேரலை ஒளிபரப்புக்கு அந்த ஆட்டம் தேர்வானதும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. எனக்கு ஞாயிறு மருத்துவமனை ஆய்வகத்தில் பணி, மாற்றிக்கொள்ள ஆளில்லை. டிக்கெட்டைக் கிளப் வழியாகத் திருப்பிவிட்டேன்; இரயிலுக்குக் கட்டிய 66 பவுண்டும் அறைக்குக் கட்டிய 59 பவுண்டும் போயின. பருவத் தொடக்கத்தில் வெளியாகும் ஆட்ட அட்டவணை வெறும் உத்தேசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து நேரலை ஒளிபரப்பு கூடாது என்பது நெடுநாள் மரபு. அதனால் தொலைக்காட்சி தேர்ந்தெடுக்கும் ஆட்டங்கள் வழக்கமான சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து வேறு நேரத்துக்கோ வேறு நாளுக்கோ நகர்ந்தே தீரும். ஒளிபரப்புத் தேர்வு அறிவிக்கப்படும் வரை இரயில் டிக்கெட் வாங்காதீர்கள். பொறுக்க முடியாவிட்டால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பிடித்து வையுங்கள். மலிவு விலை அட்வான்ஸ் இரயில் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. கட்டணம் கட்டிப் பயண நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது முறை, 2025 மார்ச் 15, வெஸ்ட் ஹாமுடன் ஆட்டம். இந்த முறை பச்சை விளக்கு எரிந்தது. அந்தக் குறுகிய சுழல்கதவு கடக்கென்று என்னை உள்ளே தள்ளியபோது வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளே போனதும் கருங்கல் போலத் தேய்ந்த படிகள், தாழ்ந்த கூரை, நீலச் சாயம் அடுக்கடுக்காகப் பூசப்பட்டு விளிம்புகள் மழுங்கிப்போன இரும்புக் கம்பிகள். வலது முழங்காலில் எனக்குத் தேய்மானம் இருக்கிறது. அந்தச் செங்குத்தான படிகளில் ஏற எனக்குப் பத்து நிமிடம் ஆனது. கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. இருக்கை மரப்பலகை. முன்னிருக்கைக்கும் என் முழங்காலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தேன்: எனக்கும் வலப்பக்க கோல் கம்பங்களுக்கும் நடுவே ஒரு தூண். டிக்கெட்டில் பார்வைக்கு இடையூறு உண்டு என்று குறிப்பிட்டிருந்தார்கள். விலையும் அதற்கேற்பக் குறைவு. அந்தச் சொற்களைப் படித்தும் நான் பொருட்படுத்தவில்லை. கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரின் மடியில்தான் விழ வேண்டும்.

பக்கத்தில் இருந்தவர் எழுபது வயதைக் கடந்த முதியவர். நான் முதல் முறை வருகிறேன் என்பதை என் கழுத்து போகும் போக்கிலேயே கண்டுகொண்டார் போலும். பந்து தூணுக்கு அந்தப்பக்கம் போகும்போதெல்லாம், நான் கேட்காமலே, தாழ்ந்த குரலில் நடப்பதைச் சொல்லத் தொடங்கினார். “மூலை உதை… தலையால் வெளியே தள்ளிவிட்டார்கள்… இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.” அவருக்கு இடப்பக்கம் வேறொரு தூண் மறைத்தது; அந்தப் பக்கம் பந்து போனபோது அவர் என்னைப் பார்த்தார், நான் சொன்னேன். இரண்டாம் பாதியில் வெஸ்ட் ஹாம் முன்னிலை பெற்றது. தொண்ணூறு நிமிடம் தாண்டிய பிறகு எவர்ட்டன் சமன் செய்தது. பந்து வலைக்குள் போனதை நான் பார்க்கவில்லை. முன்னால் இருந்த வரிசைகளில் கைகள் ஒரே நேரத்தில் மேலே போனதைப் பார்த்தேன். மரத்தரை காலடியில் துள்ளியது. முதியவர் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் மதிலுக்கு வெளியே முதுகில் உணர்ந்த அதே அதிர்வின் உள்ளே நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தத் தூண்கள் ஏன் அங்கே இருந்தன என்பதைப் பிறகுதான் ஊன்றிப் படித்தேன். குடிசன் பார்க்கின் புல்லன்ஸ் ரோடு கேலரியில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய இரும்புச் சட்டங்களின் அழகு, ஆர்ச்சிபால்ட் லீச் என்ற கிளாஸ்கோ பொறியாளரின் கைவண்ணம். பிரிட்டனின் பழைய மைதானங்களில் பெரும்பகுதி அவருடைய வரைபடங்களில் பிறந்தவை. அக்காலக் கூரைகளைத் தாங்கத் தூண் வேண்டும். ஆனால் அதே தூண்கள்தான் மேல்மாடியைக் கீழ்மாடியின் தலைக்கு நேர் மேலே கொண்டுவந்து நிறுத்தவும் உதவின. அதனால் மேலே இருப்பவரும் ஆட்டத்துக்கு மிக அருகில் இருந்தார். தூண் இல்லாத நவீன கேலரியில் கூரை பின்பக்கத்திலிருந்து நீண்டு தொங்குகிறது, மாடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்குகின்றன. முன்னால் இருப்பவரின் தலையை உங்கள் பார்வைக்கோடு எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் தாண்டுகிறது என்பதை வைத்து இன்றைய வடிவமைப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். 60 என்றால் பரவாயில்லை, 90 நல்லது, 120 மிக நல்லது. அந்த அளவைக் கூட்டக் கூட்ட வரிசைகளைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும், கடைசி வரிசை மேலும் மேலும் விலகிப் போகும். தெளிவாகப் பார்ப்பதற்கு நாம் தொலைவை விலையாகக் கொடுக்கிறோம். பழைய மைதானத்தில் இருக்கை தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. தூண்கள் பெரும்பாலும் கேலரியின் முதல் வரிசையில் இருப்பதில்லை, சில வரிசைகள் பின்தள்ளித்தான் நிற்கும். தூண் வரிசைக்கு முன்னால் இடம் பிடித்தால் எதுவும் மறைக்காது. ஆனால் கூரையின் விளிம்பு உங்கள் தலைக்கு மேல் இருக்காது, சாரல் அடித்தால் நனைவீர்கள், மழைச்சட்டை கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்கள் நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேளுங்கள். பெண்களுக்கு ஒன்று: பழைய மைதானங்கள் பலவும் ஆண்கள் மட்டுமே வருவார்கள் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. கழிப்பறை குறைவு, இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே எழுந்து போய்விடுங்கள்.

இவ்வளவு நெகிழ்ந்து எழுதும் நான், இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டு மைதானத்தின் பழைய மர கேலரியில் தீப்பிடித்தது. பலகைகளின் இடுக்கு வழியாக ஆண்டுக்கணக்கில் விழுந்து அடியில் சேர்ந்த குப்பைதான் எரிந்தது. சில நிமிடங்களில் முழு கேலரியும் தீயில் மூழ்கியது, பின்பக்க வாயில்கள் பூட்டியிருந்தன, 56 பேர் இறந்தார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் இடித்துக் கட்டுவதாக இருந்த கேலரி அது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1989 ஏப்ரல் 15 அன்று, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கம்பிவேலிக்குள் அடைபட்ட நெரிசலால் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அந்த நெரிசலை விசாரித்து 1990இல் வந்த டெய்லர் அறிக்கைக்குப் பிறகே மேல்நிலைப் பிரிவுகளின் மைதானங்கள் முழுவதும் இருக்கைகளாயின, பழையவை பலவும் திருத்தவே முடியாது என்று கைவிடப்பட்டன. நான் அமர்ந்திருந்த மரப்பலகையைத் தடவிப் பார்த்தபோது எனக்கு ஆசையும் வந்தது, அச்சமும் வந்தது. பழையதை நேசிக்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எந்தப் பழைய கேலரியில் அமர்ந்தாலும், ஆட்டம் தொடங்கும் முன்னே, வந்த வழி அல்லாத இன்னொரு வெளியேறும் வழி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வதை நான் இப்போது பழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம் 2025 மே 18 அன்று சவுத்தாம்டனுடன் நடந்து 2–0 என்று முடிந்தது. அதற்கு டிக்கெட் தேடும் துணிவு எனக்கு இல்லை. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், பிராம்லி மூர் துறைமுகக் குட்டையை நிரப்பிக் கட்டிய புதிய ஹில் டிக்கின்சன் ஸ்டேடியத்துக்குப் போனேன். 52,769 பேர் அமரலாம், குடிசன் பார்க்கைவிட ஏறத்தாழ 13,000 கூடுதல். குறை சொல்லவே போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்தூக்கி என்னை மேலே கொண்டுபோய் விட்டபோது, பத்து நிமிடம் படியேறி மூச்சு வாங்கிய அந்த மார்ச் மாதம் நினைவுக்கு வந்து வாயடைத்துப்போனேன். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பெண், கூட்டத்தின் நடுவே, முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றாலும் மறைக்காத உயரத்தில் அமர்ந்து பார்த்தார். பழைய மைதானத்தில் அவருக்கு அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. வெளிச்சுவரின் செங்கற்களில் லீச்சின் பின்னல் வடிவத்தையே இழைத்திருக்கிறார்கள். துறைமுகத்தின் பழைய நீரழுத்த இயந்திரக் கட்டடத்தையும் இடிக்காமல் அருகிலேயே வைத்திருக்கிறார்கள். இந்தத் துறைமுக வட்டாரத்தில் எழுந்த புதிய கட்டுமானங்களால்தான், இந்த ஸ்டேடியத் திட்டமும் ஒரு காரணமாக, 2021இல் லிவர்பூல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆட்டம் முழுவதையும் ஒரு மூலை மறையாமல் பார்த்தேன். இரண்டு பக்கமும் இருந்தவர்களோடு ஒரு சொல்கூடப் பேசவில்லை. யாருக்கும் யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை அங்கே இல்லை. அது யாருடைய குற்றமும் அல்ல. இன்னும் பத்து ஆண்டில் அங்கேயும் அண்டை இருக்கை உறவுகள் முளைத்துவிடும் என்றே நம்புகிறேன். ஆனால் அன்று இரயிலில் எனக்கு அந்த முதியவரின் தாழ்ந்த குரல்தான் காதில் ஒலித்தது.

நவீன ஸ்டேடியத்துக்கும் உரிய தொல்லைகள் உண்டு, அவற்றிலும் ஒன்றுக்கு நான் விலை கொடுத்தேன். டிக்கெட் கைப்பேசியில் மட்டும்தான். திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் கருவி ஏற்காது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடும்போது இணைய இணைப்பு திணறும். எனவே வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே டிக்கெட்டைக் கைப்பேசியின் வாலட்டுக்குள் ஏற்றிவிடுங்கள், சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். எனக்கு நுழைவாயிலில் 4 சதவீதம்தான் மிச்சம் இருந்தது. வரிசை இன்னும் சற்று நீண்டிருந்தால் செப்டம்பர் கதை திரும்பியிருக்கும். வெளியேறும்போதுதான் அடி விழுந்தது. குடிசன் பார்க்கைச் சுற்றித் தெருக்கள் வலை போல இருந்ததால் கூட்டம் பத்து திசையில் கரைந்துபோனது. ஆற்றங்கரை ஸ்டேடியத்துக்கு ஒரு பக்கம் தண்ணீர். எல்லோரும் ஒரே திசையில்தான் போக வேண்டும். இரயில் நிலைய வரிசையில் ஏறத்தாழ 50 நிமிடம் நின்றேன், ஊர் திரும்பும் இரயில் போய்விட்டது, அடுத்த இரயிலுக்குப் புதிய டிக்கெட் 83 பவுண்டு. முடிவு ஊதல் ஒலிக்கும் நேரத்துக்கும் உங்கள் இரயிலுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டு வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு எனக்குக் கிடைத்த நல்ல செய்தி, குடிசன் பார்க் இடிக்கப்படவில்லை என்பது. 2025–26 பருவத்திலிருந்து எவர்ட்டன் பெண்கள் அணியின் மைதானமாக அது தொடர்கிறது. டிக்கெட் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஒரு வாரயிறுதியில் போனேன். தூண் வரிசைக்கு முன்னால் அமர்ந்து, அந்த மைதானத்தின் இரண்டு கோல் கம்பங்களையும் முதன்முறையாக ஒரே பார்வையில் பார்த்தேன். பழைய மைதானத்தின் உடலைப் பார்க்க வேண்டும், ஆனால் டிக்கெட் போரில் இறங்க முடியாது என்பவர்களுக்குப் பெண்கள் ஆட்டமும், ஆட்டமில்லாத நாட்களில் கிளப்புகள் நடத்தும் வழிகாட்டிச் சுற்றுலாவும் சிறந்த வழிகள். லண்டனில் இருப்பவர்கள் முதலில் ஃபுல்ஹாம் கிளப்பின் கிரேவன் காட்டேஜுக்குப் போங்கள். 1905இல் லீச் கட்டிய கேலரி, மர இருக்கைகளோடு, பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. பட்னி பிரிட்ஜ் நிலையத்திலிருந்து தேம்ஸ் ஓரமாகப் பிஷப்ஸ் பார்க் வழியே நடந்து போகும் அந்த வழியே ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும்.

அடுத்து நான் போக நினைப்பது லூட்டன் கிளப்பின் கெனில்வொர்த் ரோடு மைதானம். 1905 முதல் ஆடப்படும் அந்த மைதானத்தில், வெளியூர் ரசிகர்கள் நுழையும் வாயில் ஒரு தெருவின் வீட்டு வரிசைக்குள்ளேயே இருக்கிறது; படியேறினால் மக்களின் கொல்லைப்புறங்களுக்கு மேலாக நடந்து கேலரிக்குப் போக வேண்டும். அந்த வாயிலைக் கடக்க வேண்டுமென்றால் லூட்டனிடம் டிக்கெட் வாங்கிப் பயனில்லை, வருகை தரும் அணியின் கிளப் வழியாகத்தான் வாங்க வேண்டும். அதற்காக ஒரு கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன். புதிய ஸ்டேடியத்துக்கு 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்துவிட்டதால் இதையும் தள்ளிப்போட முடியாது. ஆட்டத் தேதியை நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். இரயில் டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. ஒளிபரப்பு அறிவிப்பு வரட்டும்.